எழுபது மில்லிமீட்டர்

பேருந்தின் வயிற்றிலிருந்து இறங்குகிறது
பதினான்கு கிலோ.
ஓட்டுநர் ஹெல்டுர் ஒன்றும் கேட்பதில்லை.
மூன்று வருடமாய், ஒன்றுவிட்டு ஒரு வெள்ளி,
வில்யாண்டிக்கும் வோருவுக்கும் நடுவே
எங்கள் இருவரையும்விட அதிகம் பயணம் செய்தது
இந்தச் சாணை இயந்திரம்தான்.

வீடு அவனுக்கு. படகை விற்றோம்.
நாய் தன் விஷயத்தைத் தானே முடிவு செய்துகொண்டது.
இதை மட்டும் பிரிக்க முடியவில்லை:
ஒரே மோட்டார், ஒரே அச்சு,
இந்தப் பக்கம் கல், அந்தப் பக்கம் தோல்.
"கல் எனக்கு, தோல் உனக்கு" என்றான் ஐவார், வக்கீல் முன்னால்.
வக்கீல் சிரிக்கவில்லை.
நான் சிரித்துத் தொலைத்தேன்.

புதுக் கல்லின் விட்டம் இருநூற்று ஐம்பது.
நூற்று எண்பதுக்குத் தேய்ந்தால் அது கல் இல்லை.
அதன் பிறகு யாரும் யாருக்கும்
எதையும் அனுப்ப வேண்டாம் என்று பேச்சு.
மூடியின் உட்புறம் காகித நாடா ஒட்டி
அளவெழுதி வந்தோம்.
241 அவன் கிறுக்கல். 240 நான்.

முதல் குளிர்காலம்
தொட்டித் தண்ணீரைக் கொட்டாமல் அனுப்பினான்.
மைனஸ் இருபதில் மூன்று மணி நேரப் பயணம்.
கல்லும் தொட்டியும் ஒரே கட்டியாய் வந்து சேர்ந்தன.
தட்டவில்லை, வெந்நீர் ஊற்றவில்லை.
அடுப்புக்கு ஓரெட்டு தள்ளி வைத்து
அது தானாக விடும் வரை
பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.
அவ்வளவு பொறுமை என்னிடம் இருந்தது
எனக்கே அன்றுதான் தெரியும்.

மூடியைத் திறந்தால்
இரண்டு வாரம் எப்படிப் போனது என்று கல் சொல்லிவிடும்.
நடுவில் பள்ளம்: உளிகள், அவசரம்.
கல்லுக்கு ஓரங்கள் இரண்டு உண்டென்பதை
அவன் கடைசிவரை நம்பவில்லை.
சுற்றும்போது தொக், தொக் என்றால்
பாதிக் கல்லைத் தண்ணீரில் ஊறவிட்டுத்
தூங்கப் போயிருக்கிறான்.
வைர முனையைத் திருகி
இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை
மெல்ல நகர்த்துவேன்.
அவன் இரண்டு வாரம் சாம்பல் நிறச் சேறாய்த்
தொட்டியின் அடியில் படியும்.

மார்ச் மாதம் வந்த பெட்டியில்
தொட்டி துடைத்து உலர்ந்திருந்தது.
தோல் சக்கரத்தில் எண்ணெய் வாசம்.
கல்லின் நடுவில் பள்ளமே இல்லை.
ஆனால் இடது பக்கம்
மயிரிழை அளவு சரிவு.

இடது கைக்காரர்.

அளவுக்கோலை வைத்தேன்: 183.
நாடாவில் எங்கள் இருவருடையதுமல்லாத உருண்டையான எழுத்து:
"183. வணக்கம். நான் எனேலி.
புதுக் கல் வாங்கலாமா?
பாதி விலை நான் தருகிறேன்."

ஆல்டர் மரக் கரண்டிகள் பன்னிரண்டு குடையக் கிடந்தன.
வளைந்த உளியின் சரிவில் கறுப்பு மை பூசி
கல்லைக் கையால் ஒரு சுற்று சுற்றினேன்.
மை குதிகாலில் அழிந்தது, நுனியில் அப்படியே இருந்தது.
பிடியை அரைச் சுற்று திருகினேன்.
இப்போது முழுக்க அழிந்தது.
சரிவைச் சீவவில்லை. சீவினால்
ஒன்றரை மில்லிமீட்டர் போயிருக்கும்.
கோணலுக்குத் தக்கபடி கோணத்தை வைத்துக்கொண்டு
மோட்டாரைப் போட்டேன்.

தண்ணீர் விளிம்பேறி
உளியின் முதுகில் வழிந்தது.
பிசிர் எழுந்ததும் தோல் பக்கம்.
தோலில் மட்டும் கூரை எதிரே நீட்டக் கூடாது;
அது போகும் திசையிலேயே போகவிட வேண்டும்,
இல்லையென்றால் கிழித்துவிடும்.
கட்டைவிரல் நகத்தில் வைத்தேன். வழுக்காமல் நின்றது.

அனுப்புவதற்கு முந்தின இரவு
தண்ணீரைப் பனியில் கொட்டினேன்.
நாடாவில் இடம் குறைவு.
183 என்றே மறுபடி எழுதி
அதன் கீழே:

"வலது ஓரத்தையும் பயன்படுத்து.
விலை விசாரித்துச் சொல்."